இணையவழி உளவியல் ஆலோசனை

இணையவழி உளவியல் ஆலோசனை என்பது மன அழுத்தம், பதற்றம், மணமுறிவு, வேலையிழப்பு ஆகியவற்றால் தவிப்பவருக்குப் பயிற்சிபெற்ற ஆலோசகர் காணொளி, தொலைபேசி அல்லது எழுத்து வழியே அளிக்கும் சிகிச்சை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1986இல் மாணவர்களுக்காகத் தொடங்கிய ‘டியர் அங்கிள் எஸ்ரா’ என்ற இணையவழி ஆலோசனைச் சேவை இதன் முன்னோடி.

அமர்வு பெரும்பாலும் 45 முதல் 50 நிமிடம். கவனமுள்ள ஆலோசகர், எங்கிருந்து பேசுகிறீர்கள், அவசரத்துக்கு யாரை அழைக்கலாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வார். அமர்வில் பின்பற்றப்படும் முறைகளுள் ஒன்றான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், பதற்றம் எழுந்த வேளையையும் அப்போது தோன்றிய எண்ணத்தையும் ஆலோசனை பெறுபவர் எழுதிவைக்க, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் உண்டா என்று ஆலோசகரும் அவரும் அலசுவர்.

தற்கொலை எண்ணம் தீவிரமாக உள்ளவருக்கு இணையவழி ஆலோசனை மட்டும் போதாது. நேரடி மருத்துவம் கட்டாயம் தேவை.

இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, தமிழிலும் பெறலாம்.