பழைய ஃபிளாஷ் கார்டின் வயதை எதைக்கொண்டு அளப்பது?

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து ரிச்சி தெரு நடக்கிற தூரம். 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையைத் தாண்டி ரயில் வடக்கே நீண்டதிலிருந்து இந்த வசதி இருக்கிறது. பழைய சாமான் வாங்குவதற்கு வடசென்னைக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வண்டிப் பாகத்துக்குப் புதுப்பேட்டை, இரும்புக்குக் காயலான் கடை, கம்ப்யூட்டருக்கு ரிச்சி தெரு. பொருளைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு, அதற்குமேல்தான் பேரம். டேட்டா சென்டர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் ஃபிளாஷ் கார்டுகளை வீட்டுச் சர்வருக்கு வாங்க வருகிறவரும் அதே கண்ணோடுதான் வருகிறார். இந்த ஒரு பொருளில் அந்தக் கண் ஏமாந்துபோகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்தக் கார்டுகளின் ஆயுளைத் தேய்மானம் பெரும்பாலும் தீர்மானிப்பதில்லை. தன்னைச் செய்த கம்பெனியின் தயவில்லாமல் அந்தக் கார்டுக்கு எத்தனை காலம் பேசத் தெரியும் என்பதே தீர்மானிக்கிறது.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். 2000-களின் கடைசியில் பெரிய இணையக் கம்பெனிகளின் டேட்டாபேஸ்கள் ஹார்ட்டிஸ்கின் வேகத்தில் மூச்சுத் திணறின. சுழலும் தட்டு எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தகவல் கேட்டால் நொடிக்கு நூற்றுச் சொச்சம் தடவைதான் எடுத்துத் தரும். ஃபிளாஷ் சிப்களைப் பலகையில் அடுக்கி, மதர்போர்டின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் நேராகச் செருகினால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கிய ஃபியூஷன்-ஐஓ இதில் முன்னோடி. ஃபேஸ்புக்கும் ஆப்பிளும் அதன் பெரிய வாடிக்கையாளர்கள்; ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் 2009-இல் அதன் தலைமை விஞ்ஞானியானார். விரிடென்ட், எல்.எஸ்.ஐ. போன்றவையும் களத்தில் இருந்தன. சந்தை சூடானதும் மீன்களைத் திமிங்கிலங்கள் விழுங்கின. 2013-இல் விரிடென்ட் ஹார்ட்டிஸ்க் கம்பெனியான எச்.ஜி.எஸ்.டி.யிடம் போனது. 2014-இல் எல்.எஸ்.ஐ.யின் ஃபிளாஷ் பிரிவு சீகேட்டிடமும் ஃபியூஷன்-ஐஓ சான்டிஸ்கிடமும் போயின. சான்டிஸ்கையே 2016-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் பெயர்ச் சுருக்கத்தை ஊர்ப்பெயராகவே சுமந்து நிற்கும் விம்கோ நகர்க்காரருக்குக் கம்பெனி கைமாறுவது அதிசயமான செய்தி அல்ல. தீப்பெட்டிக்கு மட்டும் டிரைவர் தேவைப்படுவதில்லை.

தேய்மானத்தைப் பற்றிய பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஃபிளாஷ் சிப்பின் ஒவ்வொரு அறையையும் குறிப்பிட்ட தடவைகள்தான் அழித்து எழுத முடியும். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பயம் கரைந்துவிடும். 2014-இல் இன்டெல் வெளியிட்ட பி3700 கார்டின் 400 ஜிபி வகைக்கு, ஐந்து வருடம் தினமும் முழுக் கார்டையும் பத்துத் தடவை எழுதலாம் என்று உத்தரவாதம். மொத்தம் 7,300 டெராபைட். வீட்டுச் சர்வரில் குடும்பப் படங்கள், சினிமா, கேமராப் பதிவு, இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களின் பேக்கப் எல்லாம் சேர்த்து நாளைக்கு 50 ஜிபி என்று தாராளமாகவே வைத்தாலும் வருடத்துக்கு 18.25 டெராபைட். அந்த வேகத்தில் புதுக் கார்டை எழுதித் தீர்க்க 400 வருடம் ஆகும். டேட்டா சென்டர் அதில் 90 சதவீதத்தைக் குடித்துவிட்டு எறிந்திருந்தாலும் மிச்சம் 40 வருடம். கார்டே தன் தேய்மானத்தைச் சதவீதமாகச் சொல்லும். அந்த எண் நூறைத் தாண்டி 255 வரை போகலாம் என்று, கார்டு பின்பற்றும் பொது விதியே (அது பின்னால் வருகிறது) இடம் கொடுத்திருக்கிறது. நூறு என்பது உத்தரவாதத்தின் எல்லை, கார்டின் சாவு அல்ல.

இதைவிட வலுவான சான்று 2016-இல் வந்தது. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கூகுளின் ராகவ் லகிசெட்டி, ஆரிஃப் மெர்ச்சன்ட் இருவரும் கூகுளின் சர்வர்களில் ஆறு வருடம் ஓடிய பத்து வகை ஃபிளாஷ் டிரைவ்களை ஆராய்ந்தார்கள். அவையும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வழியே பேசிய, கூகுள் தனக்கென்று வடிவமைத்துக்கொண்ட டிரைவ்கள். நம் பேசுபொருளுக்கு நெருங்கிய ஆய்வு இது. எழுதி அழித்த தடவைகள் ஏறினால் பிழை மளமளவென்று பெருகும் என்பது பொதுவான எண்ணம். அவர்கள் கண்டது நிதானமான, ஏறக்குறைய நேர்கோடான ஏற்றம். எழுத்தின் அளவை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், களத்தில் கழித்த காலத்துக்கும் பிழைக்கும் தனித் தொடர்பு தெரிந்தது. விலை கூடிய எஸ்.எல்.சி. வகைச் சிப் மற்றதைவிட நம்பகமானது என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஹார்ட்டிஸ்கைவிட இவற்றை மாற்ற வேண்டிய தேவை குறைவு. ஆனால் திருத்த முடியாத பிழை முதல் நான்கு வருடத்தில் 20 முதல் 63 சதவீத டிரைவ்களில் ஒரு தடவையாவது தலைகாட்டியது. டிரைவ் சாகாது, எங்கோ ஒரு பக்கத்தை மட்டும் தொலைத்துவிடும். ஆகவே, ‘எவ்வளவு எழுதியிருக்கிறது’ என்று மட்டும் கடைக்காரரிடம் கேட்பவர் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார்.

இனி அனாதைகளின் கதை. ஃபியூஷன்-ஐஓ கார்டின் கெட்டிக்காரத்தனமே பின்னாளில் அதற்கு வினையானது. எந்தத் தகவல் எந்தச் சிப்பில் இருக்கிறது என்ற வரைபடத்தை மற்ற ஃபிளாஷ் டிரைவ்களில் பெரும்பாலானவை தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஃபியூஷன்-ஐஓ அந்த வேலையைச் சர்வரின் பிராசஸரிடம் கொடுத்து, வரைபடத்தைச் சர்வரின் ராமிலேயே வைத்தது. வேகம் கிடைத்தது. பதிலுக்குக் கார்டின் மூளை கார்டுக்கு வெளியே, கம்பெனி எழுதித் தந்த டிரைவருக்குள் குடியேறிவிட்டது. அந்த டிரைவர் இல்லாமல் செருகினால் கம்ப்யூட்டர் கண்ணுக்கு அது சேமிப்பகமே அல்ல. அதிலிருந்து பூட் செய்யவும் முடியாது. லினக்ஸ் கெர்னல் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வெளியிடுகிறது. கம்பெனி கைமாறிய பிறகு டிரைவர் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. தன்னார்வலர்கள் சிலர் புதுக் கெர்னலுக்கு ஏற்ப அதை ஒட்டுப் போட்டு ஓட்டுகிறார்கள். அதிலும் ஒரு பகுதி மூலநிரல் இல்லாத மூடிய பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னால் வீட்டுக்காரர் சாமி கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கரண்ட் போகும் ஊரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. வரைபடம் ராமில் இருப்பதால், முறையாக நிறுத்தாமல் மின்சாரம் அறுந்தால் எழுதிய தகவல் கார்டில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் மறுபடி எழும்போது டிரைவர் கார்டு முழுவதையும் படித்து வரைபடத்தைப் புதிதாக வரைந்துகொள்ளும். நிமிடக்கணக்கில் ஆகும் இந்த வேலை முடியும்வரை சர்வர் வாய் திறக்காது. அதற்குள் திரும்பவும் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. ஜெனரேட்டரும் இரட்டை யு.பி.எஸ்.ஸும் உள்ள டேட்டா சென்டரில் வருடத்துக்கு ஒரு நாள்கூட நேராத இக்கட்டு, கோடைக் காலத்துத் திருவொற்றியூரில் ஒரே சாயங்காலத்தில் இரண்டு தடவை நேரலாம்.

மேலே சொன்ன இன்டெல் கார்டோடு இதை ஒப்பிட வேண்டும். 2011 மார்ச்சில் என்.வி.எம்.இ. என்ற பொது விதியின் முதல் பதிப்பு வந்தது. கார்டும் கம்ப்யூட்டரும் எந்த மொழியில் பேசிக்கொள்வது என்று கம்பெனிகள் கூடி ஒப்புக்கொண்ட உடன்படிக்கை அது. அதற்கான டிரைவர் 2012-இல் லினக்ஸ் 3.3 கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. இன்டெல் தன் ஃபிளாஷ் தொழிலை எஸ்.கே. ஹைனிக்ஸுக்கு விற்பதாக 2020-இல் அறிவித்தது. 2021 டிசம்பரில் முதல் கட்டம் கைமாறி, சாலிடைம் என்று புதுப் பெயர் பூண்டது. பி3700 கார்டுக்கு அந்தச் செய்தி எட்டவே இல்லை. ஸ்லாட்டில் செருகினால் அன்று போலவே இன்றும் எழுந்து நிற்கிறது. கார்டின் ஓரத்தில் இரண்டு உருளைக் கெப்பாசிட்டர்கள் தெரியும். கரண்ட் அறுந்த கணத்தில் கையில் இருப்பதை எழுதி முடிக்க வேண்டிய மின்சாரம் அவற்றில் இருக்கிறது. வரைபடமும் கார்டின் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறது.

என்.வி.எம்.இ. என்ற எழுத்துகளில் மந்திரம் ஏதுமில்லை என்பதற்கு ஆரக்கிளின் எஃப்80 சாட்சி. 800 ஜிபி கொள்ளளவுள்ள இந்தக் கார்டில் புது விதியின் வாசனையே கிடையாது. ஆனால் உள்ளே இருப்பது, சர்வர் டிஸ்குகளின் பழைய பொதுமொழியான சாஸ் பேசும், எல்.எஸ்.ஐ.யின் சாதாரணக் கட்டுப்பாட்டுச் சிப். அதற்கான டிரைவர் எத்தனையோ வருடமாகக் கெர்னலில் இருக்கிறது. அதனால் செருகியதும் நான்கு 200 ஜிபி டிஸ்குகளாகத் தெரிகிறது. பொதுமொழி தெரிந்த பழசு பிழைத்துக்கொண்டது. (ஒரு எச்சரிக்கை: நான்கு டிஸ்க் தெரிகிறதே என்று அவற்றையே ஒன்றுக்கொன்று பிரதியாகக் கட்டி வைப்பது, ஒரே பெட்டியின் நான்கு அறைகளில் நகையைப் பிரித்து வைத்துவிட்டுத் திருடனுக்குப் பயமில்லை என்று சொல்வது மாதிரி. கார்டு போனால் நான்கும் போகும்.)

இந்த வாதத்துக்கு ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது. பொதுமொழி பேசும் டிரைவுக்குள்ளும் கம்பெனி எழுதிய ஃபர்ம்வேர் ஓடுகிறதல்லவா? 2019 நவம்பரில் சர்வர் கம்பெனியான எச்.பி.இ. வெளியிட்ட அறிவிப்பு நினைவுக்கு வர வேண்டும். அதன் சில சாஸ் ஃபிளாஷ் டிரைவ்கள் மின்சாரத்தில் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், தகவலும் திரும்பாது. 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். இரண்டின் பதினைந்தாம் அடுக்கு அந்த எண். மணிக்கணக்கை வைக்கும் கவுன்ட்டர் நிரம்பி வழிந்ததாகவே தெரிகிறது. 2020-இல் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரத்தில் அதே விதி. முன்கூட்டியே ஃபர்ம்வேரை மாற்றியிருந்தால் தப்பலாம். அவை ஸ்லாட்டில் செருகும் கார்டுகள் அல்ல என்றாலும், பழைய டிரைவ் வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை: பார்க்கப் புதுசு, தேய்மானம் இரண்டு சதவீதம், சாவுநாள் மட்டும் உள்ளே எழுதியிருக்கிறது. ஆட்சேபம் வாதத்தை உடைக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது. பொதுமொழி கம்பெனியின் மேலுள்ள சார்பைக் குறைக்கும், ஒழிக்காது. கடைசி ஃபர்ம்வேர் ஏற்றப்பட்ட கார்டா என்பதைத் தேய்மானச் சதவீதத்துக்கு முன்னால் பார்க்க வேண்டும்.

ஊரின் காற்றையும் கணக்கில் சேர்க்காமல் தீராது. இந்தக் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த ஃபேன் கிடையாது. சர்வர் அலமாரியில் முன்னிருந்து பின்னாகச் சீறும் காற்றை நம்பி ஹீட்சிங்க் மட்டும் வைத்திருப்பார்கள். வேலை மும்முரத்தில் 20, 25 வாட் வரை சூடு. அதை வீட்டுக் கேபினெட்டில் செருகினால் மே மாதத்து மத்தியானத்தில் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், மிஞ்சினால் நின்றேவிடும். ஹீட்சிங்குக்கு நேரே ஒரு சின்ன ஃபேனைக் கட்டிவிடுவது எளிய வைத்தியம். அந்த ஃபேன் இழுக்கும் காற்று எது என்பதில்தான் விம்கோ நகர் வேறுபடுகிறது. கிழக்கே கடல், மேற்கே மணலி சுத்திகரிப்பாலை, வடக்கே எண்ணூர். உப்பும் ஈரமும் கந்தகமும் கலந்த காற்று செம்பையும் வெள்ளியையும் தின்னும். டேட்டா சென்டர்காரர்கள் செம்பு, வெள்ளித் தகடுகளைத் தொங்கவிட்டு மாதத்துக்கு எவ்வளவு அரிக்கிறது என்று அளந்து காற்றை வடிகட்டுகிறார்கள். ஈயமில்லாத சால்டரிங் பரவியதும், பலகையில் பூசும் வெள்ளியைக் கந்தகம் கறுக்கவைக்கும் சிக்கலும் சேர்ந்துகொண்டது. கடற்கரை வீட்டில் ஜன்னலோரம் சர்வரை வைக்காமல் உள்ளறையில் வைப்பதும், தூசி வடிகட்டியைக் கழுவுவதும் கார்டு மாடலைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமமான முடிவுகள்.

இன்னொரு கண்ணி வெளியே தெரியாது. ஜெடெக் அமைப்பின் தர விதியின்படி, வீட்டு உபயோக டிரைவ் தன் எழுத்து எல்லையைத் தொட்ட பிறகு மின்சாரமில்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைக் காத்தால் போதும். டேட்டா சென்டர் வகைக்கு அந்தக் கெடு 40 டிகிரியில் மூன்றே மாதம். டேட்டா சென்டரில் கரண்ட் போகாது என்பது அந்த விதியின் எதிர்பார்ப்பு. நன்றாகத் தேய்ந்த கார்டில் கல்யாண வீடியோவை ஏற்றி, கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர் ஹார்ட்டிஸ்க் செய்ய வேண்டிய வேலையை இதன் தலையில் கட்டுகிறார். மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த அளவு இருட்டை எந்தக் கார்டும் தாங்கும். பீரோவில் கழியும் கோடைக்காலங்கள் வேறு கணக்கு.

வீட்டுக்கு இவ்வளவு வேகம் தேவையா என்ற கேள்வி கடைசியில் வந்தாலும் சின்னக் கேள்வி அல்ல. வீட்டு கிகாபிட் கேபிளில் நொடிக்குச் சுமார் 110 எம்பி போகும். ஒரு நல்ல ஹார்ட்டிஸ்கே அதை நிரப்பிவிடும். இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையை வைத்திருப்பவர்கள், எழுதியதை உடனே உறுதிசெய்யும் பதிவேடாக இந்தக் கார்டைப் போடுவதுண்டு. கெப்பாசிட்டர் உள்ள கார்டு அதற்கு ஏற்றது. ஆனால் ஐந்து நொடிக்கு ஒரு தடவை பதிவேடு காலியாகும் என்றால், 110 எம்பி வேகத்தில் ஒரு ஜிபி இடத்துக்குமேல் அது கேட்காது. 400 ஜிபி கார்டில் மீதி சும்மா கிடக்கும். ஒரே பெட்டியில் நான்கைந்து மெய்நிகர் கம்ப்யூட்டர்களை ஓட்டிப் பழகும் மாணவருக்கோ, லட்சக்கணக்கான சின்ன ஃபைல்களைத் துழாவுகிறவருக்கோதான் கார்டின் அருமை தெரியும். மின்கட்டணத்தையும் பார்க்க வேண்டும். 60 வாட் இழுக்கும் சர்வர் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் 86 யூனிட். அரசு தரும் 100 இலவச யூனிட்டில் குடும்பத்துக்கு மிஞ்சுவது 14.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் டெஸ்டிங் வாரண்டி மட்டும்: செருகிக் காட்டுவார்கள், அத்தோடு சரி. அந்த ஐந்து நிமிடத்தில், தனி டிரைவர் எதுவும் ஏற்றாத லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுபோய் பூட் செய்து பார்ப்பவருக்கு வேண்டிய விடை கிடைத்துவிடும். கார்டு டிஸ்காகத் தெரிகிறதா, மின்சாரத்தில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, கெப்பாசிட்டர் சோதனை தேறியதா, ஃபர்ம்வேர் எந்தப் பதிப்பு என்று அதிலேயே பார்க்கலாம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக முழுக்க அழித்துவிட வேண்டும். முந்தின சொந்தக்காரரின் தகவல் உள்ளே இருக்கக்கூடும். டிஸ்காகத் தெரியாத கார்டு, அதன் சிப்களில் ஒன்றுகூடத் தேயாமல் இருந்தாலும், மேசையின் மறுபக்கம் போகிறது. அங்கே அதன் மதிப்பு டெராபைட்டில் இல்லை. ஸ்லாட்டில் செருகும் விளிம்பின் தங்கப்பூச்சுக்காகப் பழைய மதர்போர்டுகளோடு சேர்த்துத் தராசில் ஏற்றுகிறார்கள்.