சுறாப் பல் புதைபடிவங்களும் பழங்காலச் சுறாக்களின் பரவலும்

சுறாப் பல் புதைபடிவங்கள் என்பவை கடலடி, ஆற்றுமுகப் படிவுகளில் புதைந்து, காலப்போக்கில் கனிமமேறிக் கல்லாக இறுகிய சுறாக்களின் பற்கள். முதுகெலும்பிகளின் தொல்லெச்சங்களுள் உலகெங்கும் மிகுதியாகக் கிடைப்பவற்றில் இவையும் அடங்கும். சுறாக்கள் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளாக எந்தெந்த நீர்நிலைகளில் வாழ்ந்தன, எங்கிருந்து எப்போது மறைந்தன என்பதற்குப் பெரும்பாலும் இப்பற்களே சான்று. கண்டங்கள் நகர்ந்ததும், கடல் நிலத்துக்குள் ஏறி வடிந்ததும், துருவப் பகுதிகள் ஒருகாலத்தில் மிதமான வெப்பத்தோடு இருந்ததும் இவற்றின் பரவலில் பதிவாகியுள்ளன.

பற்கள் எஞ்சுவது ஏன்?

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. இறந்த சுறாவின் உடலோடு அதுவும் விரைவில் சிதைந்துவிடும். முழு உடல் புதைபடிவமாவது மிக அரிது. பற்களின் நிலை வேறு. அவை தாடையெலும்பில் பதியாமல் ஈறுத் திசுவில் வரிசை வரிசையாக அமைந்தவை. முன்வரிசைப் பல் விழுந்ததும் பின்வரிசையில் உள்ளது நகர்ந்து அந்த இடத்துக்கு வந்துவிடும். வாழ்நாள் முழுவதும் இது நிற்காமல் நடப்பதால், ஒரே சுறா ஆயிரக்கணக்கான பற்களைக் கடலடியில் உதிர்க்கிறது. பல்லின் மேற்பூச்சு ஃபுளோரின் கலந்த கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது. கடல்நீரில் எளிதில் கரையாது.

புதைந்த பல்லின் நிறம் அதைச் சூழ்ந்த மண்ணைப் பொறுத்தது. பாஸ்பேட் நிறைந்த படிவுகளில் கிடைப்பவை பெரும்பாலும் கருமையாகவும், மொராக்கோவின் பாஸ்பேட் வயல்களில் கிடைப்பவை வெளிர் மஞ்சளாகவும் இருக்கும். எனவே நிறத்தை வைத்து வயதைக் கணிக்க முடியாது; பல் புதைந்திருந்த பாறையடுக்கே வயதைச் சொல்லும்.

நாக்குக் கற்கள்

மத்தியதரைக் கடற்பகுதியில் இப்பற்கள் பழங்காலத்திலிருந்தே அறியப்பட்டவை. நாக்கு வடிவில் இருந்ததால் ‘நாக்குக் கற்கள்’ என அழைக்கப்பட்டன. நிலவு தேயும் காலத்தில் அவை வானிலிருந்து விழுவதாக நிலவிய நம்பிக்கையை ரோமானிய அறிஞர் பிளினி குறித்து வைத்தார். மால்டா தீவில் கிடைத்த கற்களைப் பாம்பை அடக்கிய புனித பவுலின் கதையோடு இணைத்தனர். நஞ்சை முறிக்கும் என்று நம்பி, இடைக்கால ஐரோப்பியச் செல்வர்கள் அவற்றை உணவு மேசையிலும் வைத்திருந்தனர்.

இவை சுறாப் பற்கள் என்ற கருத்தை இத்தாலியரான ஃபாபியோ கொலோனா 1616-இல் வலியுறுத்தினார். திருப்பம் 1666-இல் நேர்ந்தது. இத்தாலியின் லிவோர்னோ கடற்கரையருகே பிடிபட்ட பெரிய சுறாவின் தலையை, டஸ்கனி ஆட்சியாளர் இரண்டாம் ஃபெர்டினாண்டோ மெடிசி ஃபுளோரன்சுக்கு வரவழைத்து, டென்மார்க்கைச் சேர்ந்த உடற்கூற்று அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோவிடம் ஒப்படைத்தார். தலையை அறுத்து ஆராய்ந்த ஸ்டெனோ, அதன் பற்களும் நாக்குக் கற்களும் வடிவில் ஒத்திருப்பதை 1667-இல் விளக்கி வெளியிட்டார். அப்படியானால் மலைப்பாறைக்குள் கடல்விலங்கின் பல் எப்படி வந்தது? பாறை ஒருகாலத்தில் நீருக்கடியில் படிந்த மென்மண்ணாக இருந்திருக்க வேண்டும் என்றார் அவர். கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்ற நிலவியலின் அடிப்படை விதியை 1669-இல் அவர் வகுத்தார். சுறாப் பல்லில் தொடங்கிய ஆய்வு, பூமியின் வரலாற்றை அடுக்கடுக்காகப் படிக்கும் முறைக்கு இட்டுச்சென்றது.

சுவிட்சர்லாந்தின் லூயி அகாசி 1833 முதல் 1843 வரை வெளியிட்ட புதைபடிவ மீன்கள் பற்றிய பெருநூலில் ஏராளமான சுறாப் பற்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தினார். மெகலோடான் என்ற அழிந்த சுறாவின் பெயரும் அவர் இட்டதே. 1872–76 காலத்தில் உலகக் கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் ஆய்வுக்கப்பல், மாங்கனீசுப் பூச்சேறிய சுறாப் பற்களை ஆழ்கடல் தரையிலிருந்து அள்ளிவந்தது. நிலப்பகுதிப் பாறைகளில் மட்டுமே தேடப்பட்டுவந்த பற்கள் பெருங்கடலின் நடுவிலும் கிடக்கின்றன என்பது அதனால் தெளிவானது.

தொல்லுயிர் ஊழியில்

சுறாக் குடும்பத்தின் மிகப் பழைய பற்கள் டெவோனியக் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. கனடாவின் நியூ பிரன்சுவிக் பகுதியில் கிடைத்த டோலியோடஸ் அவற்றுள் ஒன்று. அதன் பற்கள் தாடையில் இருந்த இடத்திலேயே எஞ்சியுள்ளன. பெர்மியக் காலத்து ஹெலிகோப்ரியான் சுருள்வட்டமாக அமைந்த பல்வரிசைக்காகப் பெயர்பெற்றது. யூரல் மலைப்பகுதியில் கிடைத்த படிவத்தைக் கொண்டு ரஷ்ய நிலவியலாளர் கார்பின்ஸ்கி 1899-இல் இதை விவரித்தார். அமெரிக்காவின் ஐடஹோ, மேற்கு ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய இடங்களிலும் இச்சுருள்கள் கிடைத்தன. கண்டங்கள் ஒரே நிலத்திரளாக இணைந்திருந்த அக்காலத்தில், அதைச் சூழ்ந்த கடல்களில் இவ்விலங்கு பரந்து வாழ்ந்தது. சுருள் கீழ்த்தாடைக்குள் இருந்தது என்பதையும், இது சுறாக்களைவிடக் கைமேரா மீன்களுக்கே நெருங்கிய உறவு என்பதையும் 2013-இல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியது.

நன்னீரிலும் அக்காலத்தில் சுறாக்கள் இருந்தன. இருகூர் கொண்ட செனகாந்தஸ் வகைப் பற்கள் பழைய ஆற்று, ஏரிப் படிவுகளில் கிடைக்கின்றன. கோதாவரிப் படுகையின் மலேரி படிவுகளில் கிடைத்த பற்கள், டிரயாசிக் காலத்திலும் இவ்வகை இந்தியாவில் வாழ்ந்ததற்குச் சான்று.

இடையுயிர் ஊழியில்

ஜுராசிக் காலத்தில் கடல் ராஜஸ்தான் வரை ஏறியிருந்தது. ஜெய்சால்மரில் கிடைத்த பற்களைக் கொண்டு ஸ்ட்ரோஃபோடஸ் ஜெய்சால்மரென்சிஸ் என்ற புதிய இனம் 2021-இல் விவரிக்கப்பட்டது. கிரெட்டேசியக் காலத்தில் கடல்மட்டம் உயர்ந்து, வட அமெரிக்காவை நடுவில் பிளந்த உள்நாட்டுக் கடல் உருவானது. இன்று வயல்வெளியாக உள்ள கான்சஸ் மாநிலத்தின் சுண்ணப் பாறைகளில் கிரெடோக்சிரைனா, ஸ்குவாலிகோராக்ஸ் ஆகியவற்றின் பற்கள் நிறைய உள்ளன. அங்கு கிடைத்த டெரனோடான் என்ற பறக்கும் ஊர்வனவின் கழுத்தெலும்பில் கிரெடோக்சிரைனாவின் பல் ஒன்று சிக்கியிருக்கிறது.

அதே காலத்துக் கடல் தமிழ்நாட்டிலும் படிவுகளை விட்டுச்சென்றது. புதுச்சேரிப் பகுதியில் கேய், கன்லிஃப் ஆகியோர் திரட்டிய மீன் எச்சங்களை ஃபிலிப் எகர்ட்டன் 1845-இல் விவரித்தார். பெரம்பலூர் மாவட்டத்தின் காரை கிராமத்தருகே, மழைநீர் அரித்த களிமண் மேடுகளில் ஜிப்சத் தகடுகளும் அம்மோனைட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. அக்களிமண்ணைச் சேர்ந்த சுறாப் பற்கள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டு பழையவை. 2011-இல் அவற்றிலிருந்து ட்வார்டியஸ் சுடிண்டிகஸ் உள்ளிட்ட புதிய இனங்கள் பெயரிடப்பட்டன. டைக்கோடஸ் டெகரன்ஸ் என்ற சுறாவின் பல்லும் அங்கு கிடைத்தது. கூர்முனையற்ற அப்பல்லின் மேற்பரப்பில் குறுக்கே வரிவரியாக மேடுகள் ஓடுகின்றன. ஓடுள்ள உயிர்களை நொறுக்க ஏற்ற அமைப்பு அது. இதே இனம் இங்கிலாந்தின் சுண்ணப் பாறைகளிலும் வட அமெரிக்காவிலும் உண்டு. இந்தியா அப்போது நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே, மடகாஸ்கரோடு ஒட்டியிருந்தது. அவ்வளவு தொலைவிலிருந்த கடல்களிலும் ஒரே சுறா வாழ்ந்தது என்பதால், அவற்றுக்கிடையே நீர்வழி திறந்திருந்தது எனலாம்.

புத்துயிர் ஊழியில்

டைனோசர்கள் மறைந்த பேரழிவிலும் சுறாக்கள் பல இனங்களை இழந்தன. எனினும் குலம் பிழைத்தது. பின்னர் வந்த இயோசீன் காலம் மிக வெப்பமானது. கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலுள்ள பேங்க்ஸ் தீவிலும், அண்டார்க்டிகாவின் சீமோர் தீவிலும் மணற்புலிச் சுறாவின் உறவினங்களுடைய பற்கள் கிடைத்துள்ளன. மணற்புலிச் சுறா இன்று மித, வெப்பக் கடல்களில் வாழ்வது. பேங்க்ஸ் தீவுப் பற்களிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்தபோது, அங்கு ஆற்றுநீர் மிகுதியாகக் கலந்த, உப்புக் குறைந்த கடல் இருந்தது தெரியவந்தது.

மயோசீன் காலத்தில் ஓடோடஸ் மெகலோடான் உலகக் கடல்களை ஆண்டது. 18 செ.மீ. வரை நீளமுள்ள அதன் பற்கள் அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் கிடைக்கின்றன. பனாமாவின் காட்டுன் படிவுகளில் சிறிய பற்களே மிகுதி என்பதால், அவ்விடம் குட்டிகள் வளர்ந்த ஆழமற்ற கடலாக இருக்கலாம் என 2010-இல் ஆய்வாளர்கள் முன்வைத்தனர். சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மெகலோடான் அழிந்தது. கடல் குளிர்ந்தது, இரையான திமிங்கில இனங்கள் குறைந்தது, பெரும் வெள்ளைச் சுறாவின் போட்டி ஆகியவை காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஒடிசாவின் உட்புறத்திலுள்ள பாரிபதாவில் கிடைக்கும் மயோசீன் சுறாப் பற்கள், வங்கக் கடல் அன்று அங்குவரை ஏறியிருந்ததைக் காட்டுகின்றன.

சான்றின் எல்லைகள்

ஒரே சுறாவின் மேல்தாடைப் பல்லும் கீழ்த்தாடைப் பல்லும் வேறுபடுவதால், ஓர் இனத்துக்கே பல பெயர்கள் சூட்டப்பட்டதுண்டு. பழைய அடுக்கிலிருந்து அரித்தெடுக்கப்பட்ட பல் புதிய அடுக்கில் மறுபடி புதையும். கவனிக்காவிட்டால் அதன் வயது குறைத்து மதிப்பிடப்படும். ஐரோப்பா, வட அமெரிக்கப் படிவுகள் அதிகம் தேடப்பட்டவை. ஆசிய, ஆப்பிரிக்கப் படிவுகளில் தேடல் குறைவு. பரவல் வரைபடத்தின் வெற்றிடங்கள் எல்லாம் சுறா இல்லாத இடங்கள் அல்ல.

மனிதர்களும் பற்களை இடம்மாற்றியுள்ளனர். ஜெருசலேமில் ஏறத்தாழ 2,900 ஆண்டுப் பழமையான குடியிருப்பு அடுக்கில் 29 சுறாப் பற்கள் கிடைத்தன. உணவுக் கழிவு என்று முதலில் கருதப்பட்ட அவை, ஏறத்தாழ 8 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்கள் என்பதை 2020-இல் வெளியான ஐசோடோப்பு ஆய்வு நிறுவியது. வேறிடத்துப் பாறையிலிருந்து எடுத்து யாரோ நகருக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஆகவே, பல்லைக் கண்டெடுப்பவர் அது இருந்த இடத்தையும் அடுக்கையும் அங்கேயே குறித்துக்கொள்வது இன்றியமையாதது. காரை போன்ற வெளிகளிலிருந்து குறிப்பின்றி எடுத்துச்செல்லப்படும் பல்லைக் கொண்டு இனத்தை அறியலாம். பழங்கடலின் எல்லையை வரைய அது உதவாது.