தாரும் சீமெண்ணெயும்

நாமக்கல் லாரியில் நான் கிளீனராக ஏறியபோது ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1997இல். புதுத் தார் போட்ட சாலையில் ஓடி வந்தால் மட்கார்டும் கதவின் அடியும் கரும்புள்ளி பூத்திருக்கும். பட்டறையில் வாரக்கணக்கில் நின்று, பெயின்டர் கையால் பூவும் மயிலும் எழுதிய வண்டி. பிளேடால் சுரண்டினால் தாரோடு மயிலும் போய்விடும்.

வேஸ்ட் துணியைச் சீமெண்ணெயில் நனைத்துப் புள்ளிமேல் ஒற்றி வைப்பேன். இளகியதும் ஒரே இழுப்பு. உடனே சோப்புத் தண்ணீர் விட வேண்டும், இல்லையென்றால் பளபளப்பு மங்கும். சீமெண்ணெய் கிடைக்காத நாளில் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய். நேரம் பிடிக்கும், பெயின்டுக்குப் பழுதில்லை.

ஒரு காலத்தில் சாலைக்கு ஊற்றியது நிலக்கரியிலிருந்து வடித்த தார். இன்று சாலைக்கு ஊற்றுவது கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் மிஞ்சும் பிட்டுமன். பெயர் மட்டும் பழசு. எண்ணெய்க் குடும்பம் என்பதால்தான் தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்கு இளகும். எங்கள் டிரைவர் அண்ணன்மார் இதைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள்.

உங்கள் காரில் தார் தெறித்தால் வெயிலில் இறுக விடாதீர்கள். அன்றைக்கே எண்ணெய் தொட்டு வையுங்கள்.