எண்ணூர் கழிமுகம் எந்த மேப்பில் இருக்கு? டிஜிட்டல் வரைபட ஃபைல்களைப் பத்திரமாக வைப்பது எப்படி?

ஒரே இடம், இரண்டு வரைபடங்கள். ஒன்றில் ஆறும் கழிமுகமும் இருக்கின்றன. இன்னொன்றில் அந்த இடம் வெறும் தரை. இதில் எது அசல், எது எப்போது தயாரானது, யார் ஒப்புதல் கொடுத்தது? வடசென்னையின் எண்ணூரில் சில ஆண்டுகளுக்கு முன்பு எழுந்த இந்தக் கேள்வி, மேப் போடும் எல்லாருக்குமே ஒரு பாடம்.

இப்போது மொபைல் போனும் இலவச மென்பொருளும் இருந்தால் யார் வேண்டுமானாலும் வரைபடம் தயாரிக்கலாம். கல்லூரி மாணவர்கள், மீனவ சங்கங்கள், தன்னார்வலர்கள் என பலரும் தயாரிக்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்து "அந்த ஃபைல் எங்கப்பா?" என்று கேட்டால், பல நேரம் பதில் இருப்பதில்லை. வரைபடத் திட்டங்களில் ஃபைல்களை எப்படி ஒழுங்காக வைத்துக்கொள்வது, அது ஏன் முக்கியம் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

எண்ணூரில் என்ன நடந்தது?

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் எண்ணூர் கழிமுகம். பக்கிங்காம் கால்வாயும் இங்கே சேர்கிறது. சுற்றிலும் அனல்மின் நிலையங்கள், துறைமுகம், சாம்பல் குளங்கள். நடுவில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் மீனவ கிராமங்கள்.

1991-ம் ஆண்டு மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. கடல் ஓதம் ஏறி இறங்கும் நீர்நிலைகளுக்கும் இந்த விதிகள் பொருந்தும். இதன்படி தமிழ்நாட்டுக் கடற்கரைக்கான மேலாண்மைத் திட்டத்துக்கு 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

2017-ல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் பெற்ற ஆவணங்களைச் சூழலியல் செயற்பாட்டாளர்கள் வெளியிட்டனர். 1996-ல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பகுதியாக இருந்த கழிமுகம், பின்னர் மாநில அரசுத் தரப்பில் காட்டப்பட்ட வரைபடத்தில் இல்லை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. ஆறாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட சதுப்பு நிலம் காகிதத்தில் காணாமல் போய்விட்டது என்றார்கள். 'நீர்நிலை' என்று வரைபடத்தில் இருந்தால் அங்கே கட்டுமானத்துக்குத் தடை. அந்தக் குறி இல்லாவிட்டால் அது காலி மனை.

அந்த விவகாரத்தில் யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்பது தனி விவாதம். ஆனால் அதில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. கையில் வரைபடம் இருந்தால் மட்டும் போதாது. அது எந்தத் தேதியில் வந்தது, எதை வைத்துத் தயாரித்தது, எந்தப் பதிப்பு என்று காட்ட முடிந்தால்தான் அதற்கு மதிப்பு.

மறுபடியும் ஏன் தேவைப்பட்டது?

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலி பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குள் பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்பு எண்ணெய். இப்படி ஒரு நேரத்தில் எந்தத் தெரு வரை எண்ணெய் வந்தது, எந்தக் கரையில் எத்தனை படகு நின்றது, எந்தத் தேதியில் எடுத்த படம் என்பதெல்லாம் நிவாரணக் கணக்கோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. எண்ணெயை அள்ளி, கரையைக் கழுவிவிட்ட பிறகு பழைய நிலைக்குச் சாட்சி அந்த ஃபைல்கள்தான்.

2023-லேயே கடலோர மேலாண்மைத் திட்ட வரைவுக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்களும் நடந்தன. மீனவ கிராமங்களும் பொது இடங்களும் வரைபடத்தில் விடுபட்டிருக்கின்றன என்று மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். மீனவ கிராமம், மீன் காயவைக்கும் இடம், படகுத்துறை போன்றவற்றை உள்ளூர் அளவிலான வரைபடங்களில் காட்ட வேண்டும் என்று 2011-ம் ஆண்டு அறிவிக்கையிலேயே இருக்கிறது. அதிகாரியிடம் "விட்டுப்போச்சு" என்று வாயால் சொல்வதைவிட, தேதியோடு ஒரு ஃபைலை எடுத்து வைப்பது வலுவானது.

ஒரு மேப் என்பது ஒரு ஃபைல் அல்ல

மேப் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது. வேர்டு ஆவணம் என்றால் ஒரு ஃபைல். மேப் அப்படி இல்லை.

பரவலாகப் பயன்படும் 'ஷேப்ஃபைல்' என்பது ஒரே பெயரில் இருக்கும் பல ஃபைல்களின் கூட்டம். எஸ்.ஹெச்.பி. ஃபைலில் வடிவம் இருக்கும். டி.பி.எஃப். ஃபைலில் அட்டவணை இருக்கும். எஸ்.ஹெச்.எக்ஸ். ஃபைலில் ஒவ்வொரு வடிவமும் எஸ்.ஹெச்.பி.க்குள் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மேப் ஒழுங்காகத் திறக்காது. நான்காவதான பி.ஆர்.ஜே. ஃபைல் இல்லாவிட்டால் மேப் திறக்கும், ஆனால் பூமியில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று அதற்குத் தெரியாது. எஸ்.ஹெச்.பி.யை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "ஓப்பன் ஆகலையே" என்று திண்டாடுவதற்குக் காரணம் இதுதான். எல்லாவற்றையும் ஜிப் செய்து அனுப்ப வேண்டும்.

இதற்கு மாற்றாக 'ஜியோபேக்கேஜ்' வடிவம் இருக்கிறது. எல்லா அடுக்குகளும் ஒரே ஃபைலுக்குள் அடங்கிவிடும். ஒரு எச்சரிக்கை: மென்பொருளில் திறந்திருக்கும்போதே அதை காப்பி எடுக்கக் கூடாது. மூடிய பிறகு எடுப்பதுதான் பத்திரம்.

க்யூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் சேமிக்கும் 'ப்ராஜெக்ட்' ஃபைலும் பலரை ஏமாற்றும். அதில் தரவு இருக்காது. தரவு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரியும், நிறம், எழுத்து அளவு போன்ற அலங்காரமும்தான் இருக்கும். ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோனால், அந்தப் பக்கம் காலி மேப்தான் திறக்கும். முழு ஃபோல்டரையும் கொண்டுபோக வேண்டும். அமைப்புகளில் முகவரியை 'ரிலேட்டிவ்' என்று வைத்திருந்தால் எந்தக் கணினியிலும் வேலை செய்யும்.

ஃபோல்டரை எப்படிப் பிரிப்பது?

பெரிய அலுவலகமோ நாலு பேர் குழுவோ, நான்கு ஃபோல்டர்கள் போதும்.

1. மூலம்: வெளியிலிருந்து வந்த எதுவும் வந்தபடியே இங்கே இருக்கும். செயற்கைக்கோள் படம், அரசு வரைபடம், ஜிபிஎஸ் பதிவு, களத்தில் எடுத்த போட்டோ. இதற்குள் யாரும் கை வைக்கக் கூடாது.

2. வேலை: மூலத்திலிருந்து காப்பி எடுத்துத் திருத்துவது, வெட்டுவது, சேர்ப்பது எல்லாம் இங்கே.

3. வெளியீடு: மற்றவர்களுக்குக் கொடுத்த பிடிஎஃப், படம், அறிக்கை. கொடுத்த பிறகு மாற்றக் கூடாது. மாற்றம் வந்தால் புதுப் பதிப்பு.

4. குறிப்பு: எது எங்கிருந்து வந்தது, யார் என்ன மாற்றினார்கள் என்ற விவரம்.

முதல் ஃபோல்டர்தான் உயிர்நாடி. திருத்திய மேப் கெட்டுப்போனால் திரும்பச் செய்துகொள்ளலாம். எண்ணெய் படிந்த அன்று எடுத்த மூலப் பதிவு போனால் போனதுதான்.

'ஃபைனல் ஃபைனல் புதுசு' என்று பெயர் வைக்கலாமா?

கூடவே கூடாது. ஃபைலைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று பெயர் சொல்ல வேண்டும். இடம், பொருள், தேதி, பதிப்பு என்ற வரிசை நல்லது. உதாரணமாக: எண்ணூர்_எண்ணெய்ப்படலம்_20231212_ப02.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுத வேண்டும். அப்போதுதான் கணினி தானாகவே கால வரிசைப்படி அடுக்கும். நாளை முதலில் எழுதினால் ஜனவரியும் டிசம்பரும் கலந்துவிடும்.

இங்கே புரிவதற்காகத் தமிழில் காட்டியிருக்கிறோம். நடைமுறையில் ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், அடிக்கோடு போட்டு வைப்பதுதான் பாதுகாப்பு. பழைய மென்பொருள்கள் சில, தமிழ்ப் பெயரையும் இடைவெளியையும் கண்டால் தடுமாறும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னொரு தலைவலி. திருவொற்றியூரை ஆங்கிலத்தில் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். ராயபுரமும் அப்படித்தான். அதனால் முதல் நாளே ஊர்ப் பெயர்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, எல்லாரும் அதே எழுத்துகளைப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் தேடும்போது பாதி ஃபைல் கிடைக்காது.

தமிழில் தகவல் போட்டால் கேள்விக்குறியாக வருவது ஏன்?

ஷேப்ஃபைல் பழைய காலத்து வடிவம். அதில் ஒரு நெடுவரிசையின் பெயர் 10 பைட்டுகளுக்கு மேல் போக முடியாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். 'திருவொற்றியூர்' என்ற சொல்லில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்து 14 குறியீடுகள், அதாவது 42 பைட். அதை நெடுவரிசைப் பெயராக வைத்தால் நடுவிலேயே வெட்டுப்படும்.

அதனால் நெடுவரிசைப் பெயரைச் சின்ன ஆங்கிலச் சொல்லாக வைத்து, உள்ளே வரும் தகவலைத் தமிழில் எழுதலாம். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 தேர்வு செய்திருக்க வேண்டும். ஜியோபேக்கேஜில் இந்தத் தொல்லை கிடையாது.

மேப் கடலுக்குள் போய் உட்காருவது ஏன்?

கரையில் இருக்கும் குப்பம் மேப்பில் கடலுக்குள் தெரிகிறது என்றால், பெரும்பாலும் ஆயத்தொலைவு அமைப்பில் கோளாறு. மொபைல் ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. ஆனால் பழைய இந்திய நில அளவை வரைபடங்கள், 1830-ல் கணக்கிடப்பட்ட எவரெஸ்ட் நீள்வட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. இரண்டையும் மாற்றாமல் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், சென்னைப் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். கழிமுகத்தின் கரை எது என்று வாதாடும் இடத்தில் நூறு மீட்டர் சின்ன விஷயம் இல்லை.

சென்னை, யூடிஎம் முறையில் 44 வடக்கு மண்டலத்தில் வருகிறது. பரப்பளவோ தூரமோ கணக்கிடும்போது இதைப் பயன்படுத்தலாம். இதன் குறியீட்டு எண் 32644. திட்டம் முழுக்க ஒரே அமைப்பு என்று முடிவு செய்து, அந்த எண்ணைக் குறிப்பு ஃபைலில் எழுதிவைத்தால் குழப்பம் வராது.

களப் படங்களில் கவனிக்க வேண்டியது என்ன?

லொகேஷனை ஆன் செய்து போனில் எடுக்கும் போட்டோவுக்குள் இடமும் நேரமும் பதிவாகியிருக்கும். அதை வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் இடத் தகவல் நீங்கிவிடும், படமும் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். இந்த ஒரு பழக்கம் தெரியாமல் சாட்சியாக நிற்க வேண்டிய எத்தனையோ படங்கள் வெறும் படங்களாகிவிடுகின்றன.

பாதிக்கப்பட்டவர்களின் பெயர், போன் நம்பர் போன்றவற்றை மேப் ஃபைலோடு சேர்க்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு எண் கொடுத்து, பெயர்ப் பட்டியலைத் தனியாகப் பூட்டிவைக்க வேண்டும்.

குறிப்பு ஃபைலில் என்ன எழுதுவது?

பெரிய படிவம் எதுவும் தேவையில்லை. ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் ஆறு வரி போதும். தரவு எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில், யார் சேகரித்தது, எந்த ஆயத்தொலைவு அமைப்பு, எந்த அளவுத்திட்டம், என்ன மாற்றம் செய்யப்பட்டது.

அளவுத்திட்டம் மிக முக்கியம். 1:25,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் கோடு தரையில் 25 மீட்டர். 1:4,000 வரைபடத்தில் அது 4 மீட்டர்தான். முதல் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து "என் வீடு கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா" என்று முடிவு செய்ய முடியாது.

ஃபைல் மாறவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

இதற்கு 'ஹாஷ்' என்ற வழி இருக்கிறது. ஃபைலை அதற்கான இலவசக் கருவியில் கொடுத்தால், அதற்கே உரிய நீண்ட குறியீடு ஒன்று வரும். எஸ்ஹெச்ஏ-256 முறையில் அது 64 எழுத்துகள். ஃபைலில் ஒரு புள்ளியை மாற்றினாலும் குறியீடு முழுக்க வேறாகிவிடும். மூல ஃபைல் வந்த அன்றே ஹாஷைக் குறித்து, குழுவில் மற்றவர்களுக்கும் அனுப்பிவிட்டால், பின்னாளில் "இதை நீங்களே மாத்திட்டீங்க" என்று யார் சொன்னாலும் பதில் இருக்கும்.

நீதிமன்றத்திலும் இதற்கு இடம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தில், மின்னணு ஆவணத்தோடு கொடுக்க வேண்டிய சான்றிதழ் படிவத்திலேயே ஹாஷ் மதிப்பைக் குறிப்பிடும் பகுதி இருக்கிறது.

பேக்கப் எத்தனை வேண்டும்?

3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மூன்று நகல், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். வெள்ளம் வரும் தெருவில் கணினியும் ஹார்டு டிஸ்க்கும் ஒரே மேஜையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு நகல் கிளவுடிலோ வேறு ஊரில் இருப்பவரிடமோ இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து பார்ப்பதும் அவசியம். திறக்காத பேக்கப்பை நம்ப முடியாது.

சுருக்கமாக

மூல ஃபைலைத் தொடாதீர்கள்.

பெயரில் இடம், பொருள், தேதி, பதிப்பு இருக்கட்டும்.

ஷேப்ஃபைலை முழுத் தொகுப்பாக அனுப்புங்கள், அல்லது ஜியோபேக்கேஜுக்கு மாறுங்கள்.

ஆயத்தொலைவு அமைப்பையும் அளவுத்திட்டத்தையும் எழுதிவையுங்கள்.

போட்டோவை டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள்.

ஹாஷ் குறித்துவைத்து, மூன்று நகல் எடுங்கள்.

அரசு அலுவலகத்திலிருந்து வரைபடம் வாங்கும்போதும் இதையே கேட்கலாம். எந்த ஆண்டு, யார் தயாரித்தது, யார் ஒப்புதல் கொடுத்தது, என்ன அளவுத்திட்டம் என்ற நான்கு கேள்விகளையும் தகவல் அறியும் உரிமை மனுவிலேயே தனித்தனியாக எழுதுங்கள். பதிலோடு வரும் உறையையும் தூக்கிப் போடாதீர்கள். அதில் இருக்கும் தேதி முத்திரைகூட ஒருநாள் தேவைப்படலாம்.