கீழ்மட்டக் கரும்பலகையும் ஒற்றைக் கம்ப்யூட்டரும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய மாணவி கேட்டிருந்தாள்: "டீச்சர், என் பையன் மூணாவது படிக்கிறான். ஸ்கூல்ல டேப்லெட் வாங்கச் சொல்றாங்க. ப்ராஜெக்ட் எல்லாம் அதுலதான் செய்யணுமாம். வாங்கலாமா?" உடனே பத்துப் பேர் பதில் போட்டுவிட்டீர்கள். பாதிப் பேர் வாங்கு என்றீர்கள், பாதிப் பேர் வேண்டவே வேண்டாம் என்றீர்கள். நான் ஒன்றும் எழுதவில்லை, ஒரு வரியில் சொல்ல வராது என்பதால். 1988 முதல் 2022 வரை ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை மாறி மாறி எடுத்தவள் நான். இந்த மாதிரிக் கருவிகள் சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்குள் எப்படி வந்தன, வந்தபின் என்ன ஆயின என்ற கதையைச் சொல்கிறேன். பதில் அதற்குள் இருக்கிறது.

சின்னப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் எதையாவது செய்து பார்க்கட்டும் என்ற எண்ணம் இன்று நேற்று வந்ததில்லை. 1967-லேயே அமெரிக்காவில் சீமோர் பாப்பர்ட், வாலி ஃபோய்ர்ஸைக், சிந்தியா சாலமன் மூன்று பேரும் இன்னும் சிலரும் சேர்ந்து லோகோ என்று ஒரு கணினி மொழியைக் குழந்தைகளுக்காகவே உருவாக்கினார்கள். அதில் ஒரு ஆமை உண்டு. 50 அடி முன்னால் போ, 90 பாகை வலப்பக்கம் திரும்பு என்று பிள்ளை சொல்லும். ஆமை கோடு இழுத்துக்கொண்டே போகும். நாலு தடவை சொன்னால் சதுரம் வந்துவிடும். பாப்பர்ட் அதற்கு முன் ஜெனீவாவில் பியாஜேயிடம் வேலை பார்த்தவர். (ஆசிரியர் பயிற்சியில் பியாஜே பெயரை மனப்பாடம் செய்யாத டீச்சர் உண்டா?) கணினிக்குப் பிள்ளைதான் வேலை சொல்ல வேண்டும், பிள்ளையை அது ஆட்டி வைக்கக் கூடாது என்பதுதான் அவர் 1980-ல் எழுதிய மைண்ட்ஸ்டார்ம்ஸ் புத்தகத்தின் சாரம்.

நம் நாட்டில் என்ன நடந்தது? 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்து, ஏறக்குறைய 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. எல்லாம் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு. தொடக்கப் பள்ளிக்கு வந்தது 1987-ல், கரும்பலகைத் திட்டம் என்ற பெயரில். குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அதில் ஒருவர் பெண், அப்புறம் கரும்பலகை, உலக உருண்டை, கணக்குப் பெட்டி, வாத்தியங்கள். கேலிக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு நாட்டில் எத்தனையோ பள்ளிகள் ஒற்றை அறையிலும் மரத்தடியிலும் நடந்தன, கரும்பலகையே பெரிய விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பெட்டியில் வந்த டோலக் ஒன்று பீரோவில் இருந்தது. ஆண்டு விழாவுக்கு மட்டும் வெளியே வரும்.

இப்போது நம்ம தரமணிக்கு வருவோம். கணித அறிவியல் நிறுவனம், பாலிடெக்னிக் வளாகம், திரைப்படக் கல்லூரி என்று படித்தவர்கள் வந்து போகும் இடம். அவற்றுக்கு நடுவில் கானகத்திலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் நடந்து வரும் பிள்ளைகள். 2000-ல் டைடல் பார்க்கை வாஜ்பாய் வந்து திறந்து வைத்தார். அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் என் வகுப்பில் 'அப்பா என்ன வேலை?' என்று கேட்டால் 'கம்ப்யூட்டர் கம்பெனி' என்று பாதிப் பிள்ளைகள் சொல்வார்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், கட்டட வேலை. சாலைக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் கணினி. இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் கணினிவழிக் கற்றல் என்று பணம் ஒதுக்கினார்கள். அதுவும் 6 முதல் 8 வரைதான். எங்களுக்குக் கிடைத்தது ஒரு நிறுவனம் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று. நான் அப்போது இருந்த பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம், உங்களுக்குத் தெரியும். அலுவலக அறையில் உறை போட்டு, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பார்க்க வருபவர்களுக்குக் காட்டி, இப்படியே சில வருஷம் போயிற்று. சாவி பெரியவர்கள் கையில். கெட்டுப் போனால் யார் பதில் சொல்வது என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் அதன் கனம் தெரியும். ஆனால் இழப்பு பிள்ளைகளுக்கு.

டெல்லி கல்காஜியில் 1999 ஜனவரி 26 அன்று சுகதா மித்ரா சுவரில் ஓட்டை போட்டு ஒரு கணினியைத் தெருப் பிள்ளைகளுக்காக வைத்த செய்தி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதில் எல்லோரும் பேசுவது பிள்ளைகள் தாங்களாகவே இணையம் பார்க்கக் கற்றார்கள் என்பதை. எனக்குப் பிடித்தது வேறு. அந்தப் பிள்ளைகள் விரும்பித் திறந்தது பெயின்ட். கையில் பேப்பரும் கலரும் இல்லாத பிள்ளைகள், கணினியை வரைபலகையாக எடுத்துக்கொண்டார்கள்.

இனி வருவதுதான் என் மனசுக்கு நெருக்கமான பகுதி. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அவர்கள் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறைதான் அதற்கு மூலம். 2007-ல் அது மாநிலம் முழுக்க வந்தது. அந்த வருஷங்களில் படித்த நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாயில் உட்கார்ந்த வட்டம், யானை, அணில் படம் போட்ட அட்டைகள், ஏணிப்படி, ஆரோக்கியச் சக்கரம், நீங்களே குறித்துக்கொள்ளும் வருகைப் பதிவு. எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு சாமான்கள். ஒன்று, சுவரைச் சுற்றி உங்கள் உயரத்துக்கு அடித்த கீழ்மட்டக் கரும்பலகை. ஆளுக்கு ஒரு கட்டம், அதில் உங்கள் பெயர். இன்னொன்று, தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கம்பிப் பந்தல். நீங்கள் வரைந்தது, வெட்டியது, ஒட்டியது எல்லாம் அதில் தொங்கும்.

செயல்வழிக் கற்றலைப் பற்றி ஆயிரம் விமர்சனம் உண்டு. அட்டை தொலைந்துவிடும், ஒரே ஆசிரியர் நாலு வகுப்பைப் பார்க்க வேண்டும், பெற்றோர் 'புத்தகம் எங்கே?' என்பார்கள். எல்லாம் நிஜம். ஆனால் சாக்பீஸ் முதன்முறையாகப் பிள்ளை கைக்குப் போனது அப்போதுதான். அதற்கு முன் கரும்பலகை என்பது டீச்சர் எழுத, பிள்ளை பார்க்க.

2009 வாக்கில் அந்தக் கம்ப்யூட்டரும் வகுப்புக்குள் வந்தது. உறையை எடுத்து, தாழ்வான மேசை ஒன்றில் வைத்தோம். 34 பிள்ளைகள், ஒரு கணினி. டக்ஸ் பெயின்ட் என்று 2002-ல் சின்னப் பிள்ளைகளுக்காகவே வந்த இலவச வரையும் மென்பொருள், தமிழிலும் உண்டு, அதை ஒரு பழைய மாணவன் வந்து போட்டுக் கொடுத்தான். 'எங்க தெரு' என்று ஒரு புத்தகம் செய்யலாம் என்று முடிவு. நாலு நாலு பேராகக் குழு. முதலில் கீழ்மட்டக் கரும்பலகையில் வரைய வேண்டும், பிறகுதான் கணினி. ஒருத்தர் மவுஸ், ஒருத்தர் யோசனை சொல்ல, ஒருத்தர் மணி பார்க்க, ஒருத்தர் சேமிக்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இடம் மாற வேண்டும். சண்டை வரும். இட்லிக் கடை ஆயா சேலைக்குப் பச்சையா சிவப்பா என்று அரை மணி நேரம் சண்டை. கடைசியில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆயா அன்றைக்கு நீலம் கட்டியிருந்தார்.

எழுதுவதற்கு என்.எச்.எம். ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் யாரும் அதைச் செய்யவில்லை என்றாலும், எங்களுக்காகவே செய்தது போல இருக்கும். நடு வரிசையில் இடது கைக்கு அ, இ, உ. அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ. வலது கைக்கு க, ப, ம, த, ந. 'க' தட்டி 'இ' தட்டினால் 'கி'. நாங்கள் உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் என்று வாய் வலிக்கச் சொல்லிக் கொடுப்பதை, அது பிள்ளையின் கண் முன்னால் செய்து காட்டும். 'ம' இரண்டு தடவை தட்டினால் முதல் 'ம' மேல் தானாகப் புள்ளி விழும். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு, திரையில் 'அம்மா'.

கட்டட வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி வகுப்பில் இருந்தாள். தமிழ் பேச்சு பாதி வரும், எழுத்து வராது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவே மாட்டாள், நானும் நூறு தடவை சொல்லியிருப்பேன். அவள் குழு எழுதும்போது அந்தப் புள்ளி தானாக வந்து விழுந்ததும் கத்திவிட்டாள். அழித்து அழித்துத் திரும்பத் தட்டிப் பார்த்தாள். மறுநாள் கரும்பலகையில் அவள் கட்டத்தில் எல்லாச் சொல்லுக்கும் புள்ளி, தேவையில்லாத இடத்திலும்! அந்தப் புத்தகத்தில் கிரேன் படம் அவளுடையது. அவள் அம்மா அந்த கிரேனுக்குக் கீழேதான் செங்கல் சுமந்தார். அடுத்த வருஷம் கட்டடம் முடிந்து, வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

2012-ல் சென்னையிலேயே தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. யுபிஎஸ் கிடையாது. சேமிக்காத படம் போனால் போனதுதான். பிள்ளைகள் அழுதுவிட்டுத் திரும்ப வரைவார்கள், பெரும்பாலும் முதல் படத்தைவிட நன்றாக.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2018-ல் புதுப் பாடநூல்களில் க்யூஆர் கோடு, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. நல்ல முயற்சிகள். ஆனால் இரண்டிலும் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளி மூடி, சின்ன வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1. (58-ல் ஓய்வு பெற வேண்டிய நான், வயதை 59, பிறகு 60 என்று உயர்த்தியதால் அந்தக் காலத்தையும் பார்த்தேன்.) வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா இரவு எட்டு மணிக்கு வந்தால்தான். பாட வீடியோ அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். 'உங்க பாட்டியை வேளச்சேரி ஏரி பற்றிப் பேச வைத்துக் குரல்பதிவு அனுப்புங்கள்' என்றேன். அன்றிரவே வந்து குவிந்தன. பின்னணியில் குக்கர் விசில், தம்பி அழுகை. ஒரு பாட்டி திட்டிக்கொண்டே பேசியிருந்தார்.

நான் வெளியே வந்த அடுத்த மாதம், 2022 ஜூனில், எண்ணும் எழுத்தும் தொடங்கியது. 2024-ல் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட் கொடுத்தார்கள். கேரளத்தில் தொடக்க வகுப்புகளுக்கே 'களிப்பெட்டி' என்று தனிக் கணினிப் பாடநூல் இருக்கிறது, இலவச மென்பொருளில் விளையாடி, வரைந்து பழகுவதற்கு. நம்மூரில் அப்படி ஒன்று சின்ன வகுப்புக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன், கண்ணு. பள்ளிக்குப் போய், போன வருஷம் மூணாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த டேப்லெட்டில் செய்த ஐந்து ப்ராஜெக்டைக் காட்டச் சொல். ஐந்தும் ஒரே அச்சாக இருந்தால், பிள்ளை அதில் பட்டனை மட்டும்தான் அழுத்தியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காசுக்குக் கலர் பென்சில் வாங்கு. ஐந்தும் ஐந்து விதமாக, கோணல்மாணலாக, ஒரு எழுத்துப் பிழையாவது இருந்தால் தைரியமாக வாங்கு. இப்போது ஒரு வரி சொன்னால் செயற்கை நுண்ணறிவே படம் வரைந்து கொடுத்துவிடுகிறது, ஒரு கோணல் இருக்காது. ஆயா சேலைக்கு என்ன நிறம் என்று யாரும் சண்டை போட வேண்டியதில்லை, போய்ப் பார்க்கவும் வேண்டியதில்லை. எட்டு வயதில் அது வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் டக்ஸ் பெயின்ட் போட்டுக் கொடு. ஸ்க்ராட்ச் ஜூனியர் என்று 2014-ல் வந்த செயலியும் இலவசம், படிக்கத் தெரியாத பிள்ளைகூட அதில் கதை செய்யலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட உட்கார வை.

ஒரு வேண்டுகோள். 'எங்க தெரு' புத்தகத்தை மொத்தம் ஆறு பிரதி அச்செடுத்தோம். என்னிடம் இருந்தது 2015 வெள்ளத்தில் நனைந்து போனது. யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று இருந்தால் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுங்கள். கிரேன் படம் எட்டாம் பக்கம்.