சட்டைப்பைக்குள் புகுந்த வானொலி

ஆகுபெயர் படிப்பிக்கும் நாட்களில், ‘வெற்றிலை நட்டான்’ என்ற பழைய உதாரணத்தைச் சொல்லி முடித்ததும் நான் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வதுண்டு: ‘ரான்சிஸ்ரர் வாங்கினான்.’ இலையின் பெயர் கொடிக்கு ஆகி வந்தது போலவே, பெட்டிக்குள்ளே கிடக்கும் ஒரு கடுகளவு உறுப்பின் பெயர் முழுப் பெட்டிக்கும் ஆகி வந்தது. சந்தேகமில்லாத சினையாகுபெயர், நன்னூலார் மட்டும் காணாத சினை. மாணவர் சிரிப்பார்கள். அவர்களில் அநேகர் அந்தப் பெட்டியையே கண்டதில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைக்கும்.

இந்த உறுப்பு வருமுன் வானொலி என்பது வீட்டுத் தளபாடங்களில் ஒன்று. உள்ளே கண்ணாடிக் குமிழ்களாக ரியூப்கள். 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபொறஸ்ற் ஆக்கிய மூன்று முனைக் குமிழின் வாரிசுகள் அவை. குமிழுக்குள் இருக்கும் இழை சூடேறிய பின்னர்தான் பெட்டி வாய் திறக்கும். அந்தச் சூட்டுக்கு ஒரு மின்சாரம், குமிழை இயக்க அதைவிடப் பன்மடங்கு உயர்ந்த அழுத்தத்தில் இன்னொரு மின்சாரம் என இரட்டைத் தீனி கேட்ட பிராணி அது. மின்சாரம் எட்டாத கிராமங்களில் அதனை வைத்திருக்கப் பணமும் வேண்டும், பாரமான பற்றறிகளும் வேண்டும். எனவே வானொலி இருந்த வீட்டுக்கோ வாசிகசாலைக்கோ ஊர்தான் போகவேண்டியிருந்தது.

நமது நாட்டு வானொலியின் பிறப்பும் சுவையானது. 1923இல் கொழும்புத் தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியைப் பொருத்தி, கிராமபோன் இசைத்தட்டுகளைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். போருக்குச் செய்த பொருள் பாட்டுக்கு உதவியது. 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமாயிற்று.

சரியாக இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதே டிசம்பர் 16ஆம் திகதி, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் மறே ஹில் என்னுமிடத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் பாடீன், வோல்ரர் பிறற்றெயின் என்னும் இருவர் ஒரு விசித்திரமான பொருளைச் செய்து வைத்திருந்தனர். முக்கோணப் பிளாஸ்ரிக் துண்டொன்றின் ஓரத்தில் தங்கத் தகடு ஒட்டி, அதன் கூர்முனையில் மயிரிழை போல ஒரு வெட்டு வெட்டி, ஜேர்மானியம் என்னும் பொருளின் மீது அழுத்தியிருந்தார்கள். ஒரு முனையிற் கொடுத்த மெல்லிய சைகை மறுமுனையிற் பெருகி வந்தது. இழை இல்லை, சூடு இல்லை, காத்திருப்பும் இல்லை. அவர்களது குழுவின் தலைவர் வில்லியம் ஷொக்லி தாம் இல்லாமல் இது நடந்ததே என்று உள்ளம் புழுங்கி, அடுத்த சில வாரங்களிலேயே அதனிலும் உறுதியான வேறொரு வடிவத்தைச் சிந்தித்து முடித்தார். பொறாமையும் சில வேளைகளில் விஞ்ஞானத்துக்கு உரமாகிறது! மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது.

1948 ஜூன் 30ஆம் திகதி உலகத்துக்கு இதை அறிவித்தபோது, ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகை வானொலிச் செய்திப் பத்தியின் கடைசியில் சில வரிகளையே ஒதுக்கியது. பத்திரிகைக்கு எழுதுகின்ற நாம் அந்த ஆசிரியரைப் பழிப்பதற்கில்லை. பிறந்த குழந்தையின் தொட்டிலைப் பார்த்து யார்தான் எதிர்காலம் சொல்வது?

1954ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அமெரிக்காவில் ‘றீஜென்சி’ என்ற கையடக்க வானொலி விற்பனைக்கு வந்தது. நான்கு ரான்சிஸ்ரர்கள், விலை 49 டொலர் 95 சதம். மறு ஆண்டு யப்பானிலே, பின்னர் ‘சொனி’ என்று பெயர் சூடிய சிறு கம்பனி தனது முதலாவது பெட்டியை வெளியிட்டது. 1957இல் அது சட்டைப்பைக்கு அடங்கும் வானொலி என்று விளம்பரம் செய்த பெட்டி, சாதாரண சட்டைப்பையிலும் சற்றுப் பெரிதாகப் போய்விட்டது. பெட்டியைச் சுருக்க இயலாதவர்கள் தமது விற்பனையாளரின் சட்டைப்பைகளைப் பெருப்பித்துத் தைப்பித்தார்களாம்.

அதன்பின் வானொலி ஆளோடு நடக்கத் தொடங்கியது. வயலுக்குப் போனது, வள்ளத்தில் ஏறியது, சலூன் கண்ணாடியின் முன் குந்தியது. இந்திய வானொலி 1952 முதற் சில ஆண்டுகள் சினிமாப் பாடல்களை ஒதுக்கி வைத்திருந்த வேளையில், மவுண்ட்பேற்றனின் படையினருக்காக நாட்டப்பட்டு 1949இல் நமக்குக் கிடைத்த ஒலிபரப்பியைக் கொண்டு இலங்கை வானொலி அந்தப் பாடல்களைக் கடல் கடந்து அனுப்பிக்கொண்டிருந்தது. தமிழகத்துக் குக்கிராமத்தவரும் கொழும்பு அறிவிப்பாளரின் குரலை அடையாளம் கண்ட காலம் அது. அந்தப் பெருமையிற் பாதி, மின்சாரம் இல்லாத வீட்டுக்குள்ளும் புகுந்த சிறிய பெட்டிக்குச் சேரவேண்டும்.

ஆனால் அந்த உறுப்பின் உண்மையான அருமையை நான் விளங்கிக்கொண்டது புத்தகத்தில் அல்ல. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாடு இருளில் மூழ்கியபோது எனக்குப் பத்து வயதும் நிரம்பவில்லை. ஜாம் போத்தலுக்குள் திரியிட்டுப் படித்தோம். பற்றறி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாயிற்று. இருந்த பழைய பற்றறிகளை வெயிலிற் காயவைத்து இரண்டொரு நாள் ஓட்டினோம். பிறகு அவையும் ஊமையாயின. அப்போதுதான் சைக்கிள் வந்தது. பின்சில்லு நிலத்தில் முட்டாதபடி ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவை ரயரோடு அணைத்து, பெடலைக் கையாற் சுற்றினால் வானொலி பேசும். டைனமோ தருவது மாறி மாறி ஓடும் மின். அதை ஒரு திசைப்படுத்த, ரான்சிஸ்ரருக்குத் தம்பி முறையான டயோட்டுகள் நான்கைப் பொருத்திக் கொடுத்தார் ஊரிலே றேடியோ திருத்துபவர். ஆறு வோல்ற் அளவில் ஒரு சிறுவனின் கைவலு போதுமாயிருந்தது. ரியூப் பெட்டியாக இருந்திருந்தால் ஊரே திரண்டு மிதித்தாலும் சுலபத்தில் வாய் திறந்திராது.

இரவில் இலண்டன் தமிழோசைக்காகச் சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தால் குரலும் சோரும். “தம்பி, குரல் இறங்குது, கெதியாச் சுத்து” என்பார் அப்பு. மருந்துக் கப்பல் வருகிறதா, பாதை திறக்கிறதா, பரீட்சை நடக்குமா என்பதெல்லாம் அந்தச் சுற்றில் இருந்தது. அந்தத் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, அப்பு வேட்டியிற் சுற்றி எடுத்து வந்தவற்றில் அந்தப் பெட்டியும் ஒன்று. நாவற்குழிப் பாலத்தை நெரிசலிற் கடந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் ஒதுங்கியிருந்தோம். ஐந்தாறு மைல் தொலைவிலிருந்த எங்கள் ஊருக்கு என்ன நடந்தது என்பதை இலண்டன் சொல்லித்தான் அறியவேண்டியிருந்தது. ஒவ்வொரு இரவும் சைக்கிளைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் நிற்பார்கள். பெடியன்கள் முறைவைத்துச் சுற்றுவோம். டிசம்பர் தொடக்கத்தில் ஓரிரவு, யாழ்ப்பாண நகரம் அரச படைகளின் வசமானது என்ற செய்தி வந்தபோது பெடல் என் கையில் இருந்தது. ஒருவரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்புதான், “காணும் தம்பி, நிப்பாட்டு” என்றார். நான் கையை எடுத்தேன். சில்லு தானாகச் சுற்றி ஓயும் வரை அந்தக் குரல் மெலிந்து மெலிந்து கேட்டுக்கொண்டிருந்தது.