லயோலா சிற்றாலயம், திருவனந்தபுரம்

லயோலா சிற்றாலயம் என்பது கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியம் பகுதியில், இயேசு சபையினரின் லயோலா கல்வி வளாகத்தில் அமைந்துள்ள கத்தோலிக்க வழிபாட்டிடம் ஆகும். கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) வடிவமைத்த இச்சிற்றாலயமும் இதனுடன் சேர்ந்த அரங்கமும் 1970-71 காலப்பகுதியில் கட்டப்பட்டன. பெருந்திரளானோர் கூடும் இடத்தைக் குறைந்த செலவில் அமைத்தமைக்காக இது கட்டிடக்கலை மாணவர்களிடையே அறியப்படுகிறது.

பின்னணி

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, மக்கள் வழிபாட்டின் பார்வையாளர்களாக அன்றிப் பங்கேற்பாளர்களாக இருத்தல் வேண்டும் என்றது. குருவானவர் மக்களை நோக்கி நின்று திருப்பலி நிறைவேற்றும் வழக்கம் பரவியது. பீடம் சுவரிலிருந்து விலகி முன்னே வந்தது. தூண் வரிசைகள் கொண்ட நீண்ட பழைய ஆலயங்களில் பின்னால் இருப்போருக்குப் பீடம் சரிவரத் தெரிவதில்லை. எனவே தடையற்ற கூடங்கள் தேவைப்பட்டன.

இந்தியாவில் இம்மாற்றங்களை முன்னெடுத்தவர்களுள் முதன்மையானவர் அருட்தந்தை டி. எஸ். அமலோற்பவதாஸ் (1932–1990). இவர் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தவர். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டமும் அன்று அதனுள் அடங்கியதே. 1969இல் உரோமை ஏற்றுக்கொண்ட 12 அம்சங்களில் தரையில் அமர்தல், மெழுகுவர்த்திக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு ஏற்றுதல் ஆகியவை அடங்கும். இவற்றை அந்நியமாகக் கருதி எதிர்த்தோரும் இருந்தனர். சடங்கு மாற்றங்களாகத் தோன்றினும் இவை கட்டிடத்தையும் பாதிப்பவை. தரையில் அமர்வோருக்கு நிலையான இருக்கைகளற்ற தளம் வேண்டும். காலணிகளை விடுவதற்கும் இடம் வேண்டும்.

வடிவமைப்பு

பள்ளியும் மேற்படிப்பு நிறுவனமும் பொதுவில் பயன்படுத்தும் வகையில், ஒவ்வொன்றிலும் சுமார் 1000 பேர் அமரக்கூடிய சிற்றாலயமும் அரங்கமும் தேவைப்பட்டன. பெரிய கூடத்திற்கு உயரமான சுவர்கள் வேண்டும். ஒற்றைச் செங்கற்சுவரை உயர்த்தினால் அது வளைந்து நொடியும். தடிப்பாகக் கட்டினால் செலவு கூடும். பேக்கர் நடுவே வெற்றிடம் விட்டு இரண்டு மெல்லிய சுவர்களை எழுப்பி, குறுக்குச் செங்கற்களால் பிணைத்தார். இரு சுவர்களும் விலகி நிற்பதாலேயே, செங்கல் அளவு அதிகம் கூடாமல் விறைப்புத்தன்மை பன்மடங்கு உயர்கிறது.

இச்சுவர்களில் தரை முதல் கூரை வரை, செங்கற்களுக்கிடையே துளைகள் விட்டு அடுக்கும் 'ஜாலி' வேலைப்பாடு செய்யப்பட்டது. சன்னல், கண்ணாடி ஆகியவற்றின் செலவு இதனால் குறைந்தது. ஒளி சிதறி உள்ளே வருவதால் கண்கூச்சம் இல்லை. காற்றும் தடையின்றி வருகிறது. வெற்றுச் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியும் குறைகிறது. பேச்சும் பாட்டும் தெளிவாகக் கேட்க வேண்டிய கூடத்தில் இதுவே இவ்வேலைப்பாட்டின் பெரும்பயன் எனலாம். இருக்கைகள், விளக்குகள் உட்பட ஏறத்தாழ 1.75 இலட்சம் ரூபாயில் பணி முடிந்தது.

பேக்கர், பீடமும் குருவும் இல்லாது அமைதியாகக் கூடியமர்ந்து வழிபடும் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

பயன்பாட்டு எல்லைகள்

திறந்த துளைகளின் வழியே வெளியோசையும் உள்ளே வரும். எனவே வளாகத்தினுள் பொருந்தும் இம்முறையைப் பேருந்துகள் செல்லும் சாலையை ஒட்டிய நகரத் தேவாலயத்திற்கு அப்படியே கையாள இயலாது. அங்குச் சாலைப்பக்கச் சுவரை மூடி, உள்முற்றத்தை நோக்கிய பக்கங்களில் மட்டும் துளைகள் விடுதல் பொருத்தமாகும்.